எடுக்கக் கூடாத நாலு வரி

நானும் அம்மாவும் கடைசியாகச் சேர்ந்து செய்த வேலை, லேபிள் அளந்தது.

ஞாயிற்றுக்கிழமை மதியம். சாப்பாட்டு மேசையைத் துடைத்துவிட்டு அம்மா அதன் மேல் லேபிள் பிரிண்டரை வைத்தாள். ஒரு செங்கல் அளவுதான் இருக்கும். கொர்ரென்று சத்தம் போட்டு ஒவ்வொரு லேபிளாகத் துப்பும். நான் அதைக் கிழித்து, ஸ்கேல் வைத்து அளந்து, அச்சானதைச் சத்தமாகப் படிக்க வேண்டும். அம்மா நோட்டில் டிக் போடுவாள்.

"காலை அரை மாத்திரை. இரவு ஒரு மாத்திரை. அகலம் முப்பத்தெட்டு மில்லிமீட்டர்."

"வாய்க்குள்ளயே முணுமுணுக்காதே. மாமாவுக்குக் கேக்கற மாதிரி படி."

"மாமா இங்க இல்லையேம்மா."

"இருந்தாலும் அவருக்குக் கேக்காது. அதுக்குத்தான் சொல்றேன்."

அப்பா கூடத்துக்கு வந்தார். பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவர். வாரத்தில் அந்த ஒரு நாள்தான் வீட்டில் இருப்பார்.

"ஞாயித்துக்கிழமையும் கம்பெனி திறந்திருக்கா?"

"இது கம்பெனி இல்ல, சேவை."

"அப்ப சேவை மையத்துல ஒரு டீ கிடைக்குமா?"

"கிடைக்கும். நீங்க போட்டீங்கன்னா எங்களுக்கும் கிடைக்கும்."

அப்பா டீ போடப் போனார். அளந்து முடித்த லேபிள்கள் மின்விசிறிக் காற்றில் பறக்காமலிருக்க, அவற்றின் மேல் அப்பாவின் ரத்த அழுத்த மாத்திரை பாட்டிலை அம்மா வைத்திருந்தாள். பாட்டிலில் ஒட்டியிருந்த லேபிள் என் பக்கம் திரும்பியிருந்தது.

"உங்க கம்பெனியிலயும் லேபிள் வேலை உண்டுல்ல?" என்றாள், நோட்டிலிருந்து தலையைத் தூக்காமல்.

"உண்டு."

"அரை வர்ற இடத்தை ஒரு தடவை பாரு."

"பாக்கறேன்மா."

"எப்போ?"

"இந்த வாரம்."

"சரி. அடுத்ததைப் படி."

வியாழக்கிழமை அம்மா இறந்துபோனாள். அதற்குள் நான் பார்க்கவில்லை என்று எழுதினால் அது பொய். செவ்வாய்க்கிழமையே பார்த்தேன். பார்த்துவிட்டு மூடினேன்.

*

அம்மா இருபத்திரண்டு வருடம் ஒரே கம்பெனியில் மென்பொருள் எழுதினாள். எடை மேடைகளுக்கான மென்பொருள். லாரி வந்து மேடையில் நிற்கும், எடை திரையில் வரும், சீட்டு அச்சாகும். அந்தச் சீட்டு சரியாக வர வேண்டும் என்பதுதான் அவள் வேலை. மழையில் மேடை நனைந்தால் எடை எவ்வளவு கூடும், ஓட்டுநர் இறங்காமல் உட்கார்ந்திருந்தால் எப்படிக் கண்டுபிடிப்பது, இதெல்லாம் அவளுக்கு அத்துப்படி. வீட்டில் யார் எதைப் பற்றிப் பெருமையடித்தாலும், "முதல்ல மேடையை விட்டு இறங்கு, அப்புறம் எடை பாக்கலாம்" என்பாள்.

பள்ளியில் படிக்கும்போது என் அம்மா கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை செய்கிறாள் என்று மட்டும்தான் சொல்வேன். லாரியும் சேறும் நிறைந்த அந்த எடை மேடைகளைப் பற்றி யாரிடமும் சொன்னதில்லை. வெட்கப்படும் பழக்கம் எனக்கு அப்போதே இருந்தது. தவறான இடத்தில் வெட்கப்படும் பழக்கம்.

அவளுடைய சொந்த வேலை தொடங்கியது மாமாவால். மாமா அம்மாவின் அண்ணன், தையல்காரர். ஊசியில் நூல் கோர்க்க முடியாத நிலைக்குக் கண் வந்த பிறகும், கண்ணாடி போட்டால் கௌரவம் போய்விடும் என்று இருந்தவர். ஒரு நாள் காதுக்கான சொட்டு மருந்தைக் கண்ணில் விட்டுக்கொண்டார். இரண்டு பாட்டிலும் ஒரே அளவு, ஒரே மூடி, எறும்பு எழுத்து. கண் போகவில்லை. ஆனால் ஒரு வாரம் தெருவே கேட்கும்படி கத்தினார். "ரெண்டு பாட்டிலையும் ஒரே மாதிரி செஞ்சவனைக் கூட்டிட்டு வாங்க, அவன் வாயைச் சேர்த்துத் தைக்கிறேன்" என்றார்.

எங்கள் தெரு மருந்துக்கடையில்தான் அந்த மருந்து வாங்கியது. அம்மா போய்க் கடைக்காரரிடம் கேட்டாள், கொஞ்சம் பெரிய எழுத்தில் லேபிள் ஒட்டித் தர முடியாதா என்று. "மெஷின்ல வர்றதுதாம்மா வரும்" என்றார் அவர்.

அம்மா மூன்று ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து ஒரு நிரல் எழுதினாள். மருந்தின் பெயரும் வேளையும் அளவும் கொடுத்தால், பாட்டிலின் அளவுக்கு எத்தனை பெரிய எழுத்து பொருந்துமோ அத்தனை பெரிதாக அச்சடித்துத் தரும். பெயரும் அதுதான்: 'பெரிய எழுத்து'. எழுதியதை அப்படியே இணையத்தில் திறந்து வைத்தாள். யாரும் எடுக்கலாம். கோப்பின் தலையில் நாலு வரி:

எழுதியது: தையல்காரன் தங்கை.
எடுத்துக்கொள்ளுங்கள், மாற்றுங்கள், மற்றவர்க்கும் கொடுங்கள்.
தப்பு கண்டால் கீழே உள்ள முகவரிக்கு எழுதுங்கள். திருத்தமும் அங்கேதான் வரும்.
இந்த நாலு வரியை மட்டும் எடுக்காதீர்கள்.

அதை முதலில் கொண்டுபோய்க் காட்டியது தெரு மருந்துக்கடையில். கடைக்காரர் நல்ல மனிதர். ஆனால், "சும்மா கிடைக்கிற பொருளை நம்பி மருந்துக் கடை நடத்த முடியுமாம்மா?" என்று சிரித்தபடி அனுப்பிவிட்டார். எங்கெங்கோ இருந்த சின்ன ஆஸ்பத்திரிகளும் கண் மருத்துவ முகாம்களும் எடுத்துக்கொண்டன. வருடத்துக்கு நாலைந்து பேர் எழுதுவார்கள். இந்த பிரிண்டரில் வரவில்லை, அந்தத் தாள் சிக்குகிறது என்று. அம்மா ஒவ்வொன்றுக்கும் மறுநாளைக்குள் பதில் போடுவாள். சிலர் தாங்களே திருத்தி அனுப்புவார்கள். அதில் ஒருவர் பல் மருத்துவர். அவர் வேலை அது இல்லை, ஆனால் நன்றாக எழுதினார். "பல்லுல கை வச்சுப் பழகினவர், புரோகிராம்லயும் எது ஆடுதுன்னு தொட்டுப் பார்த்தே சொல்லிடறார்" என்பாள் அம்மா.

நான் கல்லூரியில் இருந்தபோது கேட்டேன். "நீ யாருன்னே யாருக்கும் தெரியாது. பேரும் உண்மையான பேர் இல்ல. அப்புறம் அந்த நாலு வரி எதுக்கு?"

"பேருக்கா வச்சேன்? தப்பு எந்த வீட்டுக்கு வரணும்னு தெரிய வேண்டாமா?" என்றாள்.

அப்போது எனக்கு அது புரிந்தது என்றுதான் நினைத்தேன்.

*

மூன்று வருடத்துக்கு முன் நான் இப்போதைய கம்பெனியில் சேர்ந்தேன். மருந்துக்கடைகளுக்கான மென்பொருள் செய்கிறவர்கள். இருநூறுக்கும் மேற்பட்ட கடைகள் பயன்படுத்துகின்றன. எனக்குக் கொடுத்த முதல் வேலை லேபிள் அச்சிடும் பகுதி. ஆறு வாரம் கெடு. நாலு வாரம் நானே முயன்றேன். எழுத்து பெரிதானால் வரி உடைந்தது, வரி சரியானால் எழுத்து சிறுத்தது. ஐந்தாவது வாரம் அம்மாவின் கோப்பைத் திறந்தேன்.

எடுத்தது தவறில்லை. எடுத்துக்கொள்ளுங்கள் என்றுதான் எழுதியிருந்தாள். அவளிடம் கேட்கக்கூடத் தேவையில்லை. அந்த நாலு வரியை விட்டுவைத்தால் போதும்.

நான் அந்த நாலு வரியைத்தான் எடுத்தேன்.

விட்டுவைத்தால், யார் இந்தத் தையல்காரன் தங்கை என்று கேட்பார்கள். என் அம்மா என்று சொல்ல வேண்டும். முதல் வேலையையே அம்மா செய்து கொடுத்தாளா என்று சிரிப்பார்கள். இவ்வளவுதான் காரணம். பெரிதாக எதுவுமில்லை. பிறகு உள்ளே இருந்த குறிப்புகளையும் அழித்தேன். எல்லாம் அவள் பேசுகிற மாதிரியே இருக்கும். 'இங்கே கை வைத்தால் மாமா காதில் விட வேண்டியதைக் கண்ணில் விடுவார்' என்று ஒரு இடத்தில். 'இது ஏன் வேலை செய்கிறது என்று எனக்கும் தெரியாது, ஆனால் செய்கிறது, சத்தம் போடாமல் தாண்டிப் போகவும்' என்று இன்னொரு இடத்தில்.

ஒன்றை மட்டும் அழிக்கவில்லை. ஒவ்வொரு லேபிளின் கடைசி வரியிலும் வலது ஓரத்தில் மிகச் சிறிய ஒரு புள்ளி அச்சாகும். ஒரு பழைய வகை பிரிண்டர், கடைசி வரி காலியாக இருந்தால் லேபிளை முழுதாகத் தள்ளாமல் பாதியில் வெட்டிவிடும். அதை ஏமாற்றுவதற்காக அம்மா வைத்த புள்ளி. 'மச்சம்' என்று பெயரிட்டிருந்தாள். எதற்கென்று அப்போது எனக்குத் தெரியவில்லை. எடுத்தால் ஏதாவது உடையுமோ என்று பயந்து, பெயரை மாற்றிவிட்டுப் புள்ளியை அப்படியே விட்டேன்.

எங்கள் குழுவின் தலைவரைக் கத்திரி என்போம். பத்து வரியில் எழுதியதை நாலு வரியாக நறுக்கித் தருவார். என் வேலையை எல்லோர் முன்னாலும் திரையில் ஓடவிட்டுப் பார்த்தார். ஒரு வரியையும் நறுக்கவில்லை.

"ரொம்பச் சுத்தமா இருக்கே. யார் எழுதினது?"

"நான்தான்," என்றேன்.

அன்று மாலை அம்மா கேட்டாள், லேபிள் வேலை என்ன ஆயிற்று என்று. முடிந்துவிட்டது என்றேன். எப்படி என்றாள். இணையத்தில் கிடைத்ததை வைத்து ஒப்பேற்றிவிட்டேன் என்றேன். "நல்லது," என்றாள். "எடுத்த இடத்துக்கு ஒரு வார்த்தை எழுதிப் போடு. சந்தோஷப்படுவாங்க."

ஆறு மாதத்தில் எங்கள் தெரு மருந்துக்கடையும் எங்கள் மென்பொருளை வாங்கியது. நான் போய்க் கடைக்காரரிடம், "அந்த லேபிள் வர்ற பகுதி நான் செஞ்சது அண்ணே" என்றேன். யாரும் கேட்கவில்லை. நானாகவே போய்ச் சொன்னேன்.

*

அம்மா இறப்பதற்குப் பத்து நாள் முன்பு ஒரு படம் வந்தது. எங்கோ ஒரு சின்ன ஆஸ்பத்திரியின் நர்ஸ் அனுப்பியது. அவர்கள் புதிதாக வாங்கிய பாட்டில்கள் குட்டையானவை, லேபிளும் குறுகல். டாக்டர் எழுதியது காலையில் அரை மாத்திரை. கணினியில் 1/2 என்று கொடுத்திருக்கிறார்கள். லேபிளில் 'காலை 1/' என்பதோடு மேல்வரி முடிந்து, கீழ்வரியில் பெரிய எழுத்தில் '2 மாத்திரை' என்று வந்திருக்கிறது. அரை இரண்டாகிவிட்டது. நர்ஸ் ஒட்டுவதற்கு முன் கவனித்துவிட்டதால் தப்பித்தது.

நாலு வருடத்துக்கு முன் பல் மருத்துவர் அனுப்பிய ஒரு திருத்தம்தான் அதற்குக் காரணம். நீளமான மருந்துப் பெயர்கள் லேபிளுக்கு வெளியே ஓடின. பெயரின் நடுவே சாய்கோடு இருந்தால் அங்கே வரியை உடைக்கலாம் என்று அவர் எழுதினார். அம்மா பார்த்துச் சேர்த்தாள். எண்களுக்கு நடுவிலும் சாய்கோடு வரும் என்று இருவருக்குமே தோன்றவில்லை. இத்தனை குறுகலான லேபிளை அப்போது யாரும் பயன்படுத்தாததால் இத்தனை நாள் வெளியே தெரியவில்லை.

அம்மா நர்ஸுக்கு எல்லோரும் பார்க்கும் இடத்திலேயே பதில் எழுதினாள்: 'தப்பு என்னுடையது. நான் சரியாகச் சோதிக்காமல் சேர்த்தேன். நாளை திருத்தம் வரும்.' ஒரு மணி நேரத்தில் பல் மருத்துவர் கீழே எழுதினார்: 'இல்லை, எழுதியவன் நான். தப்பு என்னுடையது.' அம்மா மறுபடி: 'கதவைத் திறந்துவிட்டவள் நான்.' ஒரு தப்பை யார் வீட்டுக்குக் கொண்டுபோவது என்று இரண்டு பேர் இழுத்துக்கொண்டிருந்தார்கள். அதே தப்பு என் பெயரில் இருநூறு கடையில் ஓடிக்கொண்டிருந்தது. நான் அதைப் படித்துவிட்டுச் சாப்பிடப் போனேன்.

மறுநாள் மதிய இடைவேளையில் அம்மா திருத்திவிட்டாள். எந்த வடிவில் கொடுத்தாலும் அரை இனி 'அரை' என்று எழுத்தில்தான் அச்சாகும். அறிவித்துவிட்டால் போதும் என்று விடவில்லை. "அறிவிப்புப் பலகையை யாருடி படிக்கறாங்க?" என்றாள். இத்தனை வருடத்தில் அந்த முகவரிக்கு எழுதிய எல்லோரையும் ஒரு கோடு போட்ட நோட்டில் வரிசையாக எழுதி, ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகக் கடிதம் போட்டாள். ஞாயிற்றுக்கிழமை லேபிள் அளந்தது, அந்தத் திருத்தத்தை எல்லா அளவிலும் சரிபார்க்கத்தான்.

செவ்வாய்க்கிழமை அலுவலகத்தில் அந்தக் கோப்பைத் திறந்தேன். சாய்கோட்டு வரி அங்கே இருந்தது. மாற்ற வேண்டியது மூன்றே வரி. ஆனால் எங்கள் கம்பெனியில் எதை மாற்றினாலும் காரணம் எழுத வேண்டும். பிழை எப்படித் தெரிந்தது, யார் கண்டார்கள், திருத்தம் எங்கிருந்து வந்தது. காரணக் கட்டத்தில் கர்சர் துடித்துக்கொண்டிருந்தது. என்ன எழுதினாலும் கத்திரி ஒரு கேள்வி கேட்பார், அந்தக் கேள்வி அம்மாவில் போய் முடியும். அடுத்த வாரம் வேறு ஏதாவது மாற்றத்தோடு சேர்த்துச் சத்தமில்லாமல் போட்டுவிடலாம் என்று மூடினேன்.

*

அம்மா இறந்தது எடை மேடை ஒன்றின் சின்ன அறையில். ஏதோ சரிபார்க்கப் போயிருந்தாள். மேடைக்காரர் பிறகு வீட்டுக்கு வந்து சொன்னார்: "தண்ணி குடுங்கன்னாங்க. எடுத்துட்டு வர்றதுக்குள்ள நாற்காலியில சாஞ்சுட்டாங்க. வரிசையில நின்ன லாரியெல்லாம் ஹார்ன் அடிக்குது. தூங்கறாங்கன்னு நெனச்சு நான் ஓடிப்போய் லாரிக்காரங்களை அதட்டினேன், அடிக்காதீங்கடா, மேடம் தூங்கறாங்கன்னு." சொல்லிவிட்டு அழுதார். மாரடைப்பு என்றார்கள்.

வீட்டில் ஆட்கள் இருந்தார்கள். மாமா அம்மாவின் நாற்காலியில் உட்கார்ந்து யாரையும் அதில் உட்கார விடவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்கவில்லை. ஒரு வாரம் விடுப்பு கொடுத்தார்கள். துக்கம் எனக்கு ஒளிந்துகொள்ள வசதியாக இருந்தது. இதை எழுதக் கை கூசுகிறது. ஆனால் அப்படித்தான் இருந்தது.

அடுத்த வாரம் சனிக்கிழமை நோட்டை எடுத்தேன். நாற்பது பெயர்கள். எதிரே கடிதம் போட்ட தேதி, பதில் வந்த தேதி, டிக். நாற்பதும் முடிந்திருந்தது. நாற்பத்தொன்றாவது வரியில் 'பிள்ளையின் கம்பெனி' என்று இருந்தது. டிக் இல்லை. பக்கத்தில் பென்சிலில்: 'அவளே சொல்லட்டும். ஞாயிறு கேட்டேன். இந்த வாரம் என்றாள்.' அதற்குக் கீழே நாற்பத்திரண்டாவதாக ஒரு வரி. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

நோட்டின் பின்னட்டையில் ஒரு மருந்து லேபிள் ஒட்டியிருந்தது. அப்பாவின் மாத்திரை. ஓரத்தில் இருந்த மச்சத்தைச் சுற்றிச் சிவப்புப் பேனாவில் ஒரு வட்டம். இரண்டரை வருடத்துக்கு முந்தைய தேதி. வேறு ஒரு வார்த்தையும் இல்லை.

*

திங்கட்கிழமை கத்திரியின் மேசைக்குப் போனேன். அவர் எழுந்து நின்றார். துக்கம் நடந்த வீட்டிலிருந்து வருகிறவளுக்காக.

"இன்னும் ரெண்டு நாள் இருந்துட்டு வந்திருக்கலாமேம்மா."

"லேபிள்ல ஒரு பிழை இருக்கு சார். அரை மாத்திரை ரெண்டு மாத்திரைன்னு வரும். குறுகலான லேபிள்ல."

அவர் உட்கார்ந்தார். "எப்பத் தெரிஞ்சது?"

"மூணு வாரமாச்சு."

நான் மீதியையும் சொன்னேன். நாலு வரி, அம்மா, நான்தான் என்று சொன்னது. நின்றுகொண்டே சொன்னேன். முழுதும் இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. மூன்று வருடம் தூக்கித் திரிந்தது இரண்டு நிமிடச் சரக்கு.

"முதல்ல அரையைச் சரி பண்ணு," என்றார். "மத்ததை அப்புறம் பேசலாம்."

மாலைக்குள் திருத்தம் எல்லாக் கடைக்கும் போனது. அதன் பிறகு அவர் என் இடத்துக்கு வந்தார். தலைப்பில் திரும்ப வைத்திருந்த நாலு வரியைக் குனிந்து படித்தார்.

"புதுசா சேர்றவங்க எல்லாருக்கும் இந்தப் புரோகிராமைத்தான் உதாரணமா காட்டுவேன். இப்படி எழுதணும்னு," என்றார். கொஞ்சம் கழித்து, "உங்க அம்மாவை ஒரு தடவை இங்க கூட்டிட்டு வந்திருக்கலாம்" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

என்னை வேலையை விட்டு நீக்கவில்லை. லேபிள் பகுதியை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். அதற்கு முன் ஒரு வேலை கொடுத்தார்கள்: குறுகலான லேபிள் வாங்கிய கடைகள் எல்லாவற்றுக்கும் தொலைபேசியில் பேசி, ஏற்கெனவே கொடுத்த பாட்டில்களைத் திரும்பப் பார்க்கச் சொல்வது. பத்தொன்பது கடை. பதினெட்டில் ஒன்றுமில்லை. ஒன்றில் இருந்தது. வயதான ஓர் அம்மா, ரத்த அழுத்த மாத்திரை, அரைக்குப் பதில் இரண்டு. மூன்று நாள் போட்டுத் தலைசுற்றிக் குளியலறையில் விழுந்து, மணிக்கட்டு எலும்பு விட்டுவிட்டது.

நான் அவரிடம் பேசினேன். மன்னிப்புக் கேட்டேன்.

"ரெண்டுன்னு அவ்ளோ பெருசா போட்டிருந்துச்சேம்மா," என்றார். "அவ்ளோ பெருசா எழுதியிருந்தா பொய்யா இருக்கும்னு தோணுமா?"

எப்போது விழுந்தீர்கள் என்று கேட்டேன். கணக்குப் பார்த்துச் சொன்னார். அது அந்தப் புதன்கிழமை. செவ்வாய்க்கிழமை நான் மூடிய கோப்புக்கு மறுநாள். அதற்கும் மறுநாள் அம்மா இறந்தாள். அம்மாவிடம் இதைச் சொல்ல வேண்டிய நிலை எனக்கு வரவில்லை என்று ஒரு கணம் ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலை நினைத்தால்தான் இப்போதும் தலை நிமிரவில்லை.

'பெரிய எழுத்து' பக்கத்தில் செய்தியைப் போட்டேன். தையல்காரன் தங்கை இறந்துவிட்டார் என்று ஒரு வரி. எங்கள் கம்பெனியில் அந்த நிரல் எப்படி வந்தது என்று அதற்குக் கீழே. பலர் அம்மாவைப் பற்றி எழுதினார்கள். என்னைப் பற்றி யாரும் எதுவும் எழுதவில்லை. பல் மருத்துவர் மட்டும், 'முகவரி மாறாமல் பார்த்துக்கொள்ளுங்கள்' என்று எழுதினார்.

*

நேற்று அப்பாவுக்கு மாத்திரை தீர்ந்துபோனது. தெரு மருந்துக்கடைக்குப் போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும் மற்றவர்களை நிற்கச் சொல்லிவிட்டு வந்தார்.

"அம்மா போன மாசம்கூட வந்தாங்களே," என்றார். "உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்மா. உங்க கம்பெனி மெஷின் வந்த புதுசுல அவங்க வந்தாங்க. நான் லேபிளைக் காட்டி, 'பாத்தீங்களாம்மா, நீங்க கேட்ட பெரிய எழுத்து. உங்க பொண்ணு செஞ்சது'ன்னேன். கண்ணாடியைப் போட்டு ரொம்ப நேரம் பார்த்தாங்க. 'ஆமா, நல்லா இருக்கு'ன்னாங்க. ஒரு லேபிள் தனியா அடிச்சுக் கேட்டு வாங்கிட்டுப் போனாங்க. எவ்ளோ பெருமை தெரியுமா அந்த முகத்துல?"

நான் கல்லா மேசையைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"இப்பகூட ஏதோ அரை மாத்திரைக் கோளாறுன்னாங்களே, உங்க ஆளுங்க ஒரே நாள்ல சரி பண்ணிட்டாங்க. கெட்டிக்காரங்கம்மா நீங்க."

பாட்டிலைக் கொடுத்தார். லேபிளின் ஓரத்தில் மச்சம் இருந்தது. "சரிங்கண்ணே" என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். கம்பெனியில் சொன்னேன், இணையத்தில் முகம் தெரியாதவர்களிடம் சொன்னேன், இவரிடம் வாய் வரவில்லை. இவருக்கு அம்மாவைத் தெரியும்.

கடை ஒன்பது மணிக்குத் திறக்கும். நோட்டை எடுத்துப் பையில் வைத்திருக்கிறேன். நாற்பத்திரண்டாவது வரி அம்மாவின் கையெழுத்தில், பென்சிலில் இல்லை, பேனாவில். எதிரே டிக் இல்லை.

'தெரு மருந்துக்கடை. கடிதம் வேண்டாம், நேரில். அவள் சொன்ன பிறகு, அவளோடு.'